எருக்கம்பாலும் கள்ளிப்பாலும்

நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று. அறுபது சொட்டு விழுந்ததும் ட்யூபை எடுத்து வைத்துவிட்டு அடுத்த ட்யூபை நீட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதற்கென்று ஒரு மெஷின் இருந்தது, தானே சுற்றித் தானே மாற்றிக்கொள்ளும், அது கெட்டுப்போய் ஒரு வருஷமாகத் துணி போர்த்திக்கொண்டு மூலையில் கிடக்கிறது, அதற்குப் பதிலாகச் சாந்தாமணி முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மேலே கண்ணாடிக் குழாய், அதற்குள்ளே ஊறவைத்த ஜவ்வரிசி போல வெள்ளை மணிகள், அந்த மணிகளுக்கு நடுவே அத்திமரத்துப் பால் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய சரக்கு முதலில் வரும், சின்னச் சரக்கு இடுக்கில் எல்லாம் நுழைந்து தங்கித் தங்கிக் கடைசியில் வரும் என்று லேபில் ஆராய்ச்சி பண்ணும் பெனாசிர் சொல்லியிருக்கிறாள். கூட்டத்தில் பெரியவர்கள் நேராக வாசலுக்குப் போய்விட, குழந்தைகள் கடை கடையாக நின்று வருவதைப் போல. ஐம்பத்தொன்று. காலையில் அடுப்பை அணைத்தோமா? அணைத்தாயிற்று, குக்கரை இறக்கிவிட்டுத்தானே திருகினாள், திருகிய கை நினைவில் இருக்கிறது, ஆனால் அது இன்றைய கையா நேற்றைய கையா என்று எப்படிச் சொல்வது? தினமும் ஒரே கை, ஒரே திருகு. அவள் வீட்டுக்காரர் பம்பு கம்பெனியிலிருந்து வர ஆறு மணி ஆகும். தீப்பிடித்திருந்தால் இந்நேரம் யாராவது போன் செய்திருப்பார்கள். ஐம்பத்தொன்றா, ஐம்பத்திரண்டா? கண் சொட்டின் மேலேயே இருந்தும் எண் நழுவிவிட்டது. சரி, ஐம்பத்துநான்கு என்று வைத்துக்கொள்வோம் என்று நினைத்தவள் அந்த நினைப்பிலேயே திடுக்கிட்டாள். என்று வைத்துக்கொள்வோம். அப்படி வைத்துக்கொண்டதில் வந்த வினைதானே எல்லாம். சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால். ஐந்து மணிக்கு லேபின் தலைவர் திருமூர்த்தி சார் பெனாசிரின் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பிவிடுவார். பெனாசிர் சாருடைய அறையில்தான் இருக்கிறாள், கடைசித் திருத்தம் போட. ஐந்துக்கு இன்னும் இரண்டேகால் மணி நேரம். ட்யூப் கணக்கில் நாற்பத்தைந்து ட்யூப்.

எதிர்ச் சுவரில் அந்த மரம் ஒட்டியிருந்தது. மரம் என்றால் வேரும் இலையுமாக இல்லை, படுக்கப்போட்ட விளக்குமாறு போல இடதுபக்கம் ஒரு காம்பு, வலதுபக்கம் போகப் போகக் கிளை. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு செடியின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் என்றாலும் பதினொரு வருஷம் இந்த லேபில் பாத்திரம் கழுவியதில் எந்தக் கிளை எந்தச் செடி என்று அவளுக்குப் பாடம். பப்பாளி, அன்னாசி, அத்தி, எருக்கு, கள்ளி. எல்லாச் செடியின் பாலிலும் சாற்றிலும் ஒரு கத்திரி இருக்கிறது. புழு கடித்தால் அந்தப் புழுவின் வயிற்றுக்குள் போய் அதையே துண்டு துண்டாக நறுக்கும் கத்திரி. அதற்குப் பெயர்தான் என்சைம். ஆட்டுக்கறியில் ஒரு துண்டு பப்பாளிக்காய் போட்டால் முற்றின கறியும் பஞ்சாக வேகிறதே, அது இந்தக் கத்திரியின் கைவேலை. பெனாசிர் வந்த புதிதில் சொன்னாள், அக்கா, எல்லாக் கத்திரியும் வெட்டத்தான் செய்யும், ஆனால் எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள் இல்லை, சிலதுக்குக் கந்தகத்தில் பல், சிலதுக்கு வேறு பல், உருவத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது, வரிசையைப் பார்க்கணும். வரிசை என்றால் மணிமாலை மாதிரி, எந்த மணிக்குப் பக்கத்தில் எந்த மணி என்பது. இரண்டு மாலையில் எத்தனை மணி ஒத்துப்போகிறதோ அவ்வளவு கிட்டத்து உறவு. சாந்தாமணிக்கு அது ஒரு நொடியில் புரிந்துவிட்டது. சாடையில் என்ன இருக்கிறது, கூட்டம் என்ன, குலதெய்வம் எது என்றுதானே முதலில் கேட்பார்கள். ஒரே கூட்டம் என்றால் எத்தனை தலைமுறை தள்ளிப் போயிருந்தாலும் அண்ணன் தங்கை, கல்யாணப் பேச்சே கிடையாது. அதைச் சொன்னதும் பெனாசிர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போ நான் செடிகளுக்குத் தரகு வேலை பாக்குறேன், அப்படித்தானேக்கா என்றாள். அன்றிலிருந்து இருவருக்குள்ளும் அதுதான் பேச்சு. அத்தி என்ன கூட்டம் கண்ணு? பப்பாளிக் கூட்டம்தான்க்கா, ஒன்றுவிட்ட பங்காளி. முப்பது, முப்பத்தொன்று. போன வாரம் மரம் அச்சாகி வந்தபோது பெனாசிர் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, பாருங்கக்கா, கள்ளி போய் பப்பாளிக்குத் தங்கச்சியா வந்து உட்கார்ந்திருக்கு, எருக்கு வெளியே போயிடுச்சு, புத்தகத்தில் எல்லாம் இதற்கு நேர்மாறாகப் போட்டிருக்கிறது, எருக்குதான் பப்பாளிக் கூட்டம், கள்ளி அந்நியம் என்று, நம்ம ஊர்க் கள்ளி எல்லாரையும் ஏமாற்றிவிட்டது என்றாள். அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். சார்கூட மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார், இதுதான் புதுசு என்றார். எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றபோது சாந்தாமணிக்கு மட்டும் உள்ளங்கால் சில்லிட்டது. எருக்கும் கள்ளியும். மரத்தில் இருபத்துமூன்று கிளை இருக்க, இடம் மாறினது அந்த இரண்டு மட்டும்தானா?

அறுபது. ட்யூபை மாற்றினாள். நாலு நாளாகத் தூக்கம் இல்லை. நாலு நாளாகத்தான், அதற்கு முன்னால் இது ஒரு விஷயம் என்றே அவளுக்குப் படவில்லை, யாருக்குத்தான் படும்? ஆயுத பூசைக்கு லேபைக் கழுவுவது வருஷா வருஷம் நடப்பது. சுற்றும் மெஷினுக்கும் தராசுக்கும் சந்தனம், குங்குமம், ஃப்ரீசர் கதவில் மூன்று விரலால் பட்டை, வாசலில் பூசணிக்காய். போன தடவையும் அன்று காலையிலேயே ஃப்ரீசரை அணைத்து உள்ளே இருப்பதையெல்லாம் ஐஸ் பெட்டியில் இறக்கி வைத்துவிட்டு, அடையைப் போலப் படிந்திருக்கும் பனியைச் சுரண்டித் துடைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். ட்யூப்கள் எல்லாம் பிசுக்குப் பிடித்துக் கிடந்தன, சாமி கும்பிடுகிற நாளில் இப்படியா என்று ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து அவற்றையும் ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள். மற்றதெல்லாம் சீட்டு ஒட்டினது. அந்த இரண்டு மட்டும் அவசரத்தில் பேனாவால் மேலேயே எழுதினது, பதினொன்று எருக்கம்பால், பன்னிரண்டு கள்ளிப்பால். இரண்டையும் ஒரே கையில், இடது உள்ளங்கையில் எடுத்தாள். எடுத்ததுகூட நன்றாக நினைவிருக்கிறது, இரண்டு முட்டையை எடுப்பது போல. துடைத்தாள். துணியில் நீலமாக ஒரு தீற்றல். பார்த்தால் இரண்டு ட்யூபும் மொட்டை. உள்ளே இரண்டும் உறைந்த வெள்ளை, பாலுக்குப் பால் என்ன வித்தியாசம்? பெருவிரல் பக்கம் இருந்தது பதினொன்று. அப்படித்தான் தோன்றியது. பெருவிரல் பக்கம்தான், ஏனென்றால் எடுக்கும்போது வரிசையில் முதலில் இருந்ததை முதலில் எடுத்தாள், முதலில் எடுத்தது உள்ளங்கையின் உள்பக்கம் போகும், அப்படியானால் அது சுண்டுவிரல் பக்கம் அல்லவா போயிருக்கும்? சாந்தாமணி மேஜையிலிருந்து இரண்டு காலி ட்யூபை எடுத்துப் பார்த்தாள். முதலாவது பெருவிரல் பக்கம் போயிற்று. கீழே வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தாள். இந்தத் தடவை சுண்டுவிரல் பக்கம் போயிற்று. நாலு நாளாக அரிசி களையும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது, பல் துலக்கும்போது இந்த இடதுகையை அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், கை ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறது. சார் அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார், சூடம் காட்டலாம் வாங்க, நேரமாச்சு என்று. மூடியைத் திறந்து மோந்து பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் நின்றதும் உண்மை. எருக்கு ஒரு மாதிரி கசந்த வாடை அடிக்கும், கள்ளி அப்படி இல்லை. ஆனால் உறைந்த கல்லில் என்ன வாடை வரப்போகிறது. மார்க்கரை எடுத்து, பெருவிரல் பக்கத்து ட்யூபில் பதினொன்று, மற்றதில் பன்னிரண்டு. எழுத்துகூடப் பெனாசிரின் எழுத்தைப் போலவே வந்தது. அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு போய்ச் சாமி கும்பிட்டாள். பெனாசிர் ஒரு காகிதத் தட்டில் பொரியும் சுண்டலும் போட்டுக்கொண்டு வந்து கையில் திணித்தாள், சாப்பிடுங்கக்கா, காலையிலிருந்து நிக்கிறீங்க என்று. பொரி தொண்டையில் ஒட்டிக்கொண்டது. பொரி அப்படித்தான் ஒட்டும்.

அச்சச்சோ, எத்தனை? சொட்டு விழுந்துகொண்டே இருக்கிறது. ட்யூபின் மட்டத்தைப் பார்த்து முக்கால் என்று கண்டுகொண்டாள். மட்டத்தைப் பார்த்தே மாற்றலாம், எண்ணிக்கொண்டு உட்காரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவளுக்குத்தான் எண்ணாவிட்டால் மனசு ஆறாது. பெருவிரல் பக்கமே சரியாக இருந்தால்? பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டே. செடிகளும் மனுஷர்களைப் போலத்தானே, எந்தக் காலத்தில் எவர் எங்கே பிரிந்து போனாரோ, புத்தகத்தில் போட்டவர்கள் மட்டும் கூடவே நின்று பார்த்தார்களா? கள்ளி உண்மையிலேயே பப்பாளிக்குத் தங்கச்சியாக இருந்து, இவள் போய் வாயைத் திறந்து அந்தப் பிள்ளையின் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டால், அது எந்த ஊர் நியாயம்? பெனாசிருக்கு இந்தக் கட்டுரை வெளியே வந்தால்தான் தீசிஸ் கொடுக்க முடியும். உடுமலையில் அவள் அத்தா ஜூன் மாதம் வரை என்று கெடு வைத்திருக்கிறார், அதற்கு மேல் படிப்பு என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்று. எடுத்த பால் தீர்ந்துபோயிற்று, திரும்ப எடுத்து, சுத்தம் பண்ணி, வரிசை பார்க்க வெளியூருக்கு அனுப்பினால் ஆறு மாதம். ஆறு மாதம் அந்தப் பிள்ளையிடம் இல்லை. சொல்லாமல் இருந்தால்? சொல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். அல்லது எங்கேயோ யாரோ ஒருவர் ஒரு கள்ளியைக் கிள்ளிப் பால் எடுத்துப் பார்த்துவிட்டு, இதென்ன, இந்தப் பெண் எழுதினது மாதிரி இல்லையே என்று கேட்கலாம். அப்போது பெனாசிர் என்ன சொல்லுவாள்? சாந்தாமணியின் சின்ன நாத்தனார் மகளுக்கு இப்படித்தான், நிச்சயம் முடிந்து மண்டபமும் பிடித்த பிறகு, இரண்டு வீடும் ஒரே கூட்டம் என்று தெரியவந்தது. பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில் ஒரு கிழவர் சொல்லித்தான் தெரிந்தது. தரகருக்கு முதலிலேயே தெரியுமாம். தெரிந்து என்ன பண்ண, யாரும் கேட்கலையே என்றாராம். அந்தப் பெண் ஒரு வருஷம் வெளியே தலை காட்டவில்லை. தரகர் அடுத்த மாசமே வேறு வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றே முக்கால். கழுத்துக்குப் பின்னால் வியர்வை பொங்கியது, ஏசி ஓடியும் இந்த வயசுக்கு இப்படித்தான் திடீரென்று கொதிக்கும், ஐந்து நிமிஷத்தில் தணிந்துவிடும். சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாததா. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துப் பெரிய கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பு அவளுடையது. ஸ்டூல் போட்டு ஏறி, எட்டுச் சுற்று. ஒரு நாள் எண்ணிக்கை நழுவி ஒன்பதோ பத்தோ சுற்றிவிட்டாள், உள்ளே டப்பென்று ஒரு சத்தம், கடிகாரம் நின்றுபோயிற்று. யாரும் பார்க்கவில்லை. மறுநாள் கணக்குப் பரிட்சையில் மணியடிக்க நேரம் தப்பி, பிள்ளைகள் பாதியில் பேப்பரைக் கொடுக்கும்படி ஆயிற்று. பியூன் மேல் பழி வந்தது. அவளால் பொறுக்க முடியவில்லை, நேரே போய், நான்தான் டீச்சர் என்றாள். உண்மையைச் சொன்னால் தட்டிக்கொடுப்பார்கள் என்று பாடத்தில் இருந்தது. பெரிய டீச்சர் அப்பாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். தறியிலிருந்து எழுந்து வந்த அப்பா, பஞ்சு ஒட்டின தலையோடு, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். திரும்பி வரும் வழியில் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் காலையில், போதும் சாமி, நாடாக் குழலில் நூல் சுத்தப் பழகிக்கோ என்றார். வெட்கத்தில் சொன்னாரா, தறிக்குக் கை வேண்டியிருந்து இதைச் சாக்காக வைத்துக்கொண்டாரா, அது இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். அவர் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. இப்போது சொன்னால் யாரைக் கூப்பிட்டு நிற்க வைப்பார்கள்? தினக்கூலிக்காரிக்கு நாளைக்கு வரவேண்டாம் என்றால் முடிந்தது. வீட்டுக்காரர், வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா உனக்கு என்பார். அது போனால் போகிறது. வேறு இடத்தில் துடைக்கலாம், கூட்டலாம். ஆனால் பெனாசிரின் முகம் மாறுவதை எதிரே நின்று பார்க்கவேண்டுமே, அதுதான் அவளால் முடியாது. பதினேழு, பதினெட்டு. சொட்டு விழுமுன் ஒரு கணம் குழாயின் நுனியில் தொங்குகிறது, தொங்கும்போது அதற்குள் ஜன்னலும் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரமும் தலைகீழாகத் தெரிகின்றன, பிறகு விழுந்துவிடுகிறது. விழுந்த பிறகு வெறும் தண்ணீர்தான். இதையே பார்த்துக்கொண்டிருந்ததில் மனசு ஏனோ கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது. நாலு, நாலேகால், நாலரை. ட்யூபெல்லாம் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் அவள் சீட்டு ஒட்டி, அதன் மேல் டேப்பும் ஒட்டியிருந்தாள்.

பெனாசிர் வரும்போது கையில் எண்ணெய் படிந்த காகிதத்தில் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி இருந்தது. முடிச்சாச்சுக்கா, சார் கடைசியா ஒரு தடவை படிச்சிட்டு இருக்காரு, அஞ்சு மணிக்கு அனுப்பிடுவாரு, நீங்க சூடா இருக்கப்பவே சாப்பிடுங்க என்றாள். சாந்தாமணி பஜ்ஜியை வாங்கவில்லை. குழாயின் அடியில் இருந்த திருகை மூடினாள். சொட்டு நின்றது. ஆயுத பூசைக்கு ட்யூபைத் துடைத்தேன் கண்ணு என்று ஆரம்பித்தவள், ஸ்பிரிட்டும் நீலத் தீற்றலும் பெருவிரலும் சுண்டுவிரலுமாக முழுவதையும் சொன்னாள். கையை நீட்டி எடுத்தும் காட்டினாள். சொல்லிக்கொண்டு வரும்போதே எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள், சரியாகவும் இருக்கலாம் கண்ணு, பாதிக்குப் பாதி என்றாள். பெனாசிர் முகம் அவள் பயந்தது போல மாறவில்லை. அந்தப் பெண் பஜ்ஜியை மேஜையில் வைத்துவிட்டு, விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, மரத்தின் பக்கம் திரும்பாமல் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்காதுக்கா" என்றாள் கடைசியில். "கந்தகப் பல்லை அடைக்கிற மருந்து இருக்கில்ல, அதைப் போட்டப்போ கள்ளியோட கத்திரி நின்னுபோச்சு. கள்ளிக்கு அந்தப் பல்லே கிடையாது, நின்னிருக்கக் கூடாது. எனக்கு அப்பவே இடிச்சுது."

"அப்புறம் ஏன் கண்ணு யாருகிட்டயும் கேக்கல?"

"யார்கிட்ட கேட்டாலும் திரும்பப் பண்ணுன்னு சொல்லுவாங்களேக்கா" என்றாள் பெனாசிர். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது. அத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று அவளாகவே முணுமுணுத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள். கடிகாரத்தில் ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருந்தது. சார், கட்டுரையை அனுப்பாதீங்க, எருக்கும் கள்ளியும் மாறியிருக்குன்னு நினைக்கிறேன் என்றாள். அந்தப் பக்கம் என்னவோ கேட்டது. ஆமாம் சார், நான்தான், நம்பர் போடறப்போ நான்தான் மாத்திட்டேன் என்று பெனாசிர் சொன்னபோது, சாந்தாமணிக்கு முதலில் ஒரு நிம்மதி, உடம்பு முழுக்க வெதுவெதுவென்று இறங்கியது. அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதைக் கண்டுதான் அவளுக்குக் கூசியது. எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையிலிருந்து போனை வாங்கினாள். பதினொரு வருஷத்தில் சாரிடம் போனில் பேசியது கிடையாது.

"சார், சாந்தாமணிங்க. நம்பரை அழிச்சதும் நானுங்க, திரும்ப எழுதுனதும் நானுங்க. இந்தப் புள்ளைக்கு அது தெரியாதுங்க."

சார் கோபப்படவில்லை. எத்தனை நாளாம்மா இது உங்களுக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டார். நாலு நாளாங்க சார். அது நாக்கின் நுனியில் தயாராக நின்றது, நாலு நாளும் நாக்கிலேயே கிடந்து வழவழவென்று ஆகியிருந்தது. பெனாசிர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கேங்க சார்" என்றாள் சாந்தாமணி. "எழுதுறப்பவே தெரியுமுங்க, எது எதுன்னு எனக்குத் தெரியலைன்னு."